நான் வைத்த பொட்டு

கையையும் வாயையும் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஆள் நான். அம்பிட்டியவில் இருக்கும் என் கூட்டாளிக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தப் பௌர்ணமிப் போயா லீவு நாளில் என்னையும் இன்னொரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன். செத்துப்போன தன் அம்மாவைச் சீமெந்தில் செய்து, தெல்தோட்டைக்கு மேலே, அவர் தேயிலைக் கொழுந்து பறித்த மலையில், ஒரு பாறையடியில் வைத்திருந்தான். அம்மாவின் படமென்று இருந்தது அடையாள அட்டையில் மங்கிப்போன ஒன்றுதான். முகம் சரியாக வர ஒரு வருஷம் பிடித்ததாம்.

"நீங்க ரெண்டு பேரும் அம்மா கையால சாப்பிட்டவங்க. அவங்கள மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கடா" என்றான்.

மற்றவன் வத்தேகமவில் கடை வைத்திருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நல்ல ஏற்றம். அட்டைப்பூச்சி கடித்து அவன் குதித்த குதியைக் கிண்டல் பண்ணியே நான் மேலே ஏறினேன்.

மேலே போய்ப் பார்த்தேன். அம்மாவேதான். கூடையை இறக்கிவைத்துவிட்டு, பாறையில் சாய்ந்து, காலிரண்டையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா உக்காந்து நான் பாத்ததே இல்லடா. அதான் உக்கார வச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுது தொலைத்திருக்கலாம். அழுகை வந்தால் பகிடி பண்ணுகிற சனியன் பிடித்த பழக்கம் எனக்கு. காலையில் கோயிலில் வாங்கிய குங்குமமும் சூடமும் சட்டைப்பையில் கிடந்தன. நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். கடைக்காரன் லைட்டரை நீட்டினான். காலடியில் சூடத்தைக் கொளுத்தி, "அடேயப்பா, அசல் அம்மன்டா!" என்று கும்பிட்டேன்.

"டேய், நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அம்மா பொட்டே வச்சதில்ல" என்று சிலை செய்தவன் கைக்குட்டையை எடுத்தான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வச்ச பொட்ட அழிக்காத. மழ பேஞ்சா தானாப் போயிரும், விடுடா."

விட்டுவிட்டான். நான்தான் விட வைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மூவரும் மறுபடி போனோம். மேலே தகரக் கூரை, சிவப்புச் சேலை, எலுமிச்சம்பழ மாலை, சூலம். முகம் முழுக்க மஞ்சள் பெயின்ட். அவன் ஒரு வருஷம் பாடுபட்ட முகத்தைக் காணவில்லை. சாமி காலை நீட்டக்கூடாது என்று யாரோ கால்களை மூடி மேடை கட்டியிருந்தார்கள்.

கூடையோடு வந்த ஒரு பெண் எங்களுக்கு இடம் விட்டாள். "வாங்க, கும்புடுங்க. ஒரு நாள் காலையில பாத்தா பொட்டும் சூடம் கொளுத்துன கரியும் இருந்திச்சி. அப்பதான் ஆத்தா வந்து குந்தியிருக்கான்னே தெரிஞ்சிச்சி. எம் புள்ள காய்ச்சல்ல கெடந்தான், இவதான் எழுப்பி விட்டா."

இது தன் அம்மா என்று அவன் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டப் போனான். அவள் நீட்டிய குங்குமத்தையும் வாங்கிக்கொண்டான்.

இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "யாரும் இல்லாத நேரமா வந்து எல்லாத்தையும் சொரண்டிருவமாடா?"

"அந்தப் பொம்பளயோட புள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா அவ எங்கடா போவா?"

பஸ் வந்தது. ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் உக்காரட்டும்னு வச்சேன். நீ அம்மாவத் திரும்ப வேலைக்கு அனுப்பிட்டியேடா."