பெங்களூரில் என் ரத்தத்தை எண்ணினார்கள்

புதன், காலை 6.10

சேலத்திலிருந்து பெங்களூர் வண்டி பத்து நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. கட்டணம் ஐந்து ரூபாய் நாற்பது காசு. என் சாமான்கள் நான்கு: தோல் பை, குடை, தண்ணீர்க் கூஜா, மகளுக்காக மனைவி கட்டிக் கொடுத்த மாம்பழக் கூடை. கூடையில் பதினாறு பழங்கள். தர்மபுரி வருமுன் இரண்டு முறை எண்ணிவிட்டேன். கூட்ஸ் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவனுக்கு அது விட்டுப்போகாத பழக்கம்.

போகும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் விசாலாட்சி பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருக்கிறாள். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை எண்ணும் மின்சார யந்திரம் ஒன்றை இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்திருக்கிறாள். வியாழக்கிழமை அதைச் சோதித்து, தயாரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு ரேடியோ தொழிற்சாலை முடிவு செய்யப்போகிறது. வேண்டாம் என்றால் யந்திரம் சாமான் அறைக்குப் போகும். அவள் வேலையும் இந்த மே மாதத்தோடு தீரும். சேலத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் இடம் காலியாக இருக்கிறது. மனுப் போடச் சொல்லி நானே இரண்டு முறை எழுதினேன். "நீங்கள் வர வேண்டாம் அப்பா" என்று பதில் வந்தது. ஆகவே புறப்பட்டேன்.

தர்மபுரி தாண்டியதும் ஒரு கவலை. சாலையோரக் கல் ஒன்றில் பெங்களூர் 70 என்றிருந்தது. சிறிது தூரம் போனதும் அடுத்த கல்லில் பெங்களூர் 112. எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"பெரியவரே, வண்டி பின்னால போவல. அது மைலு, இது கிலோமீட்டரு. கல்லத்தான் மாத்தறாங்க, ஊரு அங்கயேதான் இருக்கு. ஒக்காருங்க."

பின் சீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். ஒரே தூரத்துக்கு இரண்டு எண்கள் இருப்பது எனக்கு நிம்மதி தரவில்லை.

காலை 11.20

அத்திபெலே. மாநில எல்லை. சோதனைச் சாவடியில் வண்டி கால் மணி நேரம் நின்றது. பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிட்டன. கடைகளில் பேச்சு மாறவில்லை. டீ பத்துக் காசு. மாம்பழக் கூடைக்கு வரி கேட்பார்களோ என்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன். சாவடிக்காரர் துண்டை நீக்கிப் பார்த்தார், முகர்ந்தார், "மல்கோவாவா?" என்றார். நான் ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பதினைந்து.

பிற்பகல் 2.00

பெங்களூரில் இறங்கியபோது தூறல். மே மாதத்தில் தூறல்! சேலத்தில் அந்நேரம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். டவுன் பஸ் பிடித்துக் காக்ஸ் டவுனுக்குப் போனேன். மகள் குடியிருக்கும் வீடு மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓடு வேய்ந்த பழைய வீடு. வீட்டுக்காரம்மாள் ஞானம் டீச்சர், மிஷன் பள்ளி ஆசிரியை; விடுமுறையில் வீட்டிலிருந்தார்.

"விசாலத்தோட அப்பாவா? வாங்க ஐயா, வாங்க. பொண்ணு மூச்சு விடலையே நீங்க வர்றீங்கன்னு! சொல்ப நேரம் இருங்க, சோறு சூடு பண்றேன்."

"அவளுக்கே தெரியாதுங்க."

"அட ஆண்டவரே! நல்ல சமயம் பாத்து வந்தீங்க. மூணு நாளா அது சரியாச் சாப்பிடறதில்ல. ராப்பகலா கண்ணாடிக் குழாயத்தான் கழுவிட்டிருக்கு."

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றால் யந்திரத்தில் ஏதோ சரியில்லை.

மாலை 6.40-க்கு மகள் வந்தாள். வாசலில் என் குடையைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள்.

"வர வேண்டாம்னு எழுதினேனே அப்பா."

"பழம் அழுகிடும்னு உங்கம்மா சொன்னா."

"பழம் ஒரு சாக்கு" என்றாள். ஆனால் இரண்டு பழம் தின்றாள். பதின்மூன்று.

யந்திரம் எப்படி எண்ணுகிறது என்று கேட்டேன். ரத்தத்தை உப்புத் தண்ணீரில் கரைத்து, சிவப்பு அணுக்களை மருந்தால் அழித்து, மிச்சமுள்ள வெள்ளை அணுக்களை ஒரு கண்ணாடிக் குழாயின் மயிரிழைத் துளை வழியாக இழுக்கிறார்கள். துளையில் மின்சாரம் ஓடுகிறது. ஓர் அணு நுழையும்போது மின்சாரம் ஒரு கணம் தடைபடும். ஒரு தடைக்கு ஓர் எண்.

"சினிமாக் கொட்டாயில டிக்கெட் கிழிக்கறவன் மாதிரி" என்றார் டீச்சர்.

"ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு நுழைஞ்சா?" என்றேன்.

மகள் முதல்முறையாகச் சிரித்தாள். "அதனாலதான் நெறயத் தண்ணி ஊத்திக் கரைக்கறோம். தொழிற்சாலைக் கமிட்டியில இதை ஒருத்தரும் கேக்கலப்பா." உடனே சிரிப்பு போயிற்று. "எனக்குப் பயம் வேற. பக்கத்து ஷெட்ல வெல்டிங் வெச்சா அந்தப் பொறியையும் அணுன்னு எண்ணிடும். நாளைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். நிறுத்தணும்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

"ஓரமா உக்காரப் போறாரு. கூட்டிட்டுப் போம்மா, இங்க இருந்தா என் வீட்டு ஓட்டையெல்லாம் எண்ணிடுவாரு" என்றார் டீச்சர். அப்படித்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

வியாழன், காலை 9.30

தொழிற்சாலை அடுகோடிக்கு அப்பால், ஓசூர் சாலையை ஒட்டி. கமிட்டியில் ஐந்து அதிகாரிகள். தலைவர் மானேஜர் நாகராஜ ராவ். கன்னடக்காரர், ஒல்லி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். "பன்னி சார், பன்னி, அங்கே கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி எனக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டார்.

அவர்கள் முடிவெடுக்கும் முறை எனக்குப் புதிது. கைதூக்கி வாக்களிப்பதில்லை. நாலு கேள்விகள்: இது தேவையா, நம்மால் செய்ய முடியுமா, விலை கட்டுமா, நம்பலாமா. ஒவ்வொருவரும் கேள்விக்குப் பத்துக்கு இத்தனை என்று மறைவாக எழுதி மடித்துப் போடவேண்டும். மொத்தம் இருநூறு, நூற்றிருபது வந்தால் தயாரிப்பு. மேலதிகாரி முகத்தைப் பார்த்துக் கீழதிகாரி கை தூக்கும் வழக்கத்தை ஒழிக்க இந்த ஏற்பாடாம். ஆனால் மார்க்குக்கு முன் சோதனை. ஆறு பேர் ரத்தத்தை யந்திரமும் எண்ணும். தொழிற்சாலை டாக்டர் அருளப்பன் மைக்ராஸ்கோப்பில் கண்ணாலும் எண்ணுவார். ஆறில் ஒன்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் யந்திரம் தள்ளுபடி, மார்க்கே போடமாட்டார்கள். என் மகளே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட நிபந்தனை. ஏன் ஒப்புக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

யந்திரம் ஒரு சிறு அலமாரி அளவு. முகப்பில் வட்டக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி சுற்றிச் சுற்றி ஓடி, ஓர் எண்ணில் நிற்கும். முதல் ஆள் ரத்தம்: யந்திரம் 7,200, டாக்டர் 7,050. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் அப்படியே நெருங்கி வந்தன. ஆறாவது ஆள் முனுசாமி என்ற ஃபிட்டர். ஊசியைப் பார்த்தார், சுவரைப் பிடித்தார், வெளியே போய்விட்டார்.

"எனக்கு ரத்தம்னா ஆவாது சார்! சம்பளத்துல வேணா புடிச்சிக்கோங்க!" என்ற குரல் மட்டும் வராந்தாவிலிருந்து வந்தது.

"ரெண்டாள் தூக்கற மோட்டார ஒண்டியாத் தூக்கறான், குண்டூசிக்கு ஓடறான் பாரு" என்று யாரோ கத்த, வெளியே ஒரே சிரிப்பு.

வேறு ஆளைத் தேட நேரமாகும் என்றார்கள். நாகராஜ ராவ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீவு கொடுக்கலாமா சார்?"

மகள் வேண்டாமென்று தலையசைத்தாள். நான் எழுந்துபோய் விரலை நீட்டினேன். என்னால் அவளுக்கு ஆகக்கூடிய உதவி அன்று அது ஒன்றுதான்.

புள்ளிகள் சுற்றின. மற்ற ஐந்து தடவையும் அவை ஓடியதை நான் பார்த்திருந்தேன். இந்தத் தடவை பத்தாயிரத்தைக் காட்டும் முன்குழாயின் புள்ளி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நின்றது.

68,400.

"வெல்டிங்" என்றார் ஓர் அதிகாரி. ஆள் ஓடிப்போய்ப் பார்த்துவந்தான். ஷெட் பூட்டியிருந்தது. மறுபடி ஓட்டினார்கள். 68,100.

டாக்டர் அதற்குள் தம் கண்ணாடிச் சில்லைக் கழுவிவிட்டிருந்தார். முதலில் பார்த்தபோது அணுக்கள் மணல்போல் நெருங்கிக் கிடந்தனவாம். மருந்துத் தண்ணீரைக் குறைவாகச் சேர்த்துவிட்டோம் என்று தம்மைத்தாமே நொந்துகொண்டு கொட்டிவிட்டாராம். வருடக்கணக்காக எண்ணியவர் தம் கையைச் சந்தேகித்தாரே ஒழிய ரத்தத்தைச் சந்தேகிக்கவில்லை.

இதைக் கேட்டதும் என் மகள் முகம் மாறியது. எண்ணின் பொருள் எனக்குத் தெரியாது; அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"மிஷின் தப்பு சார்" என்றாள். "என் மிஷின் தப்பா எண்ணுது. தள்ளுபடின்னு எழுதிக்கோங்க."

"ஏனம்மா? இப்பவே தோத்துட்டீங்களா? டாக்டர் இன்னும் எண்ணலையே" என்றார் நாகராஜ ராவ்.

"எண்ண வேண்டாம் சார். தப்புன்னு நானே சொல்றேன்."

இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. சேலத்துப் பள்ளிக்கூட மனுவைக் குறித்து நான் எழுதியபோதெல்லாம் 'சரியாக எண்ணுகிறது' என்றே எழுதினாள்.

நாகராஜ ராவ் சற்று யோசித்தார். "கரைசல்ல பாதி எடுத்து, அதே அளவு உப்புத்தண்ணி சேத்து ஓட்டுங்க. வெளியிலிருந்து வர்ற கரண்ட்தான் எண்ணப்படுதுன்னா எண் குறையாது. ரத்தம்னா பாதியாகும்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளோடு வந்திருந்த உதவியாளர்தான் ஓட்டினார். பாதியாயிற்று.

"டாக்டர், நீங்க எண்ணுங்க" என்றேன் நான்.

"அப்பா, உங்களுக்கு இது புரியாது. பேசாம இருங்க."

"எனக்குப் புரியுது. நீ பேசாம இரு. எண்ணுங்க டாக்டர், இந்தாங்க விரல்."

டாக்டர் எண்ண எடுத்துக்கொண்ட நேரத்தை நான் குறித்துவைக்கவில்லை. என் வாழ்க்கையில் கடிகாரம் பார்க்க மறந்த சில சமயங்களில் அது ஒன்று. உட்கார்ந்தபடி, யந்திரம் தேறவேண்டும், எனக்கு நோய் இருக்கக்கூடாது என்று இரண்டு காரியத்துக்காக வேண்டிக்கொள்ள முயன்றேன். இரண்டும் ஒன்றையொன்று அடித்தன. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். டாக்டர் தலையை நிமிர்த்தி 66,800 என்றார். பத்தில் ஒரு பங்குக்குள். யந்திரம் தேறியது.

அதிகாரிகள் மார்க் போட உள்ளே போனார்கள். டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"ஐயா, காய்ச்சல் உண்டா? எடை குறைஞ்சிதா?"

"எடை மூணு கிலோ கொறைஞ்சிருக்கு. வெயில்னு நெனச்சேன்."

"பெரும்பாலும் லிம்போசைட்டுங்கற அணு. சும்மா சுத்தற அணுன்னு நாங்களே நெனச்சிருந்தோம். நோயை எதுத்து நிக்கறதே அதுதான்னு இப்பத்தான் தெரியவருது. காவக்காரன் வேணும். ஆனா உங்க வீட்டுல தேவைக்கு மேல காவக்காரன் சேந்திருக்கான். ரத்தப் புற்றுநோயில ஒரு வகையாத் தெரியுது. இந்த வயசுல இது பலபேருக்கு மெதுவாப் போகும். பல வருஷம்கூட. மூணு மாசத்துக்கு ஒருதரம் எண்ணிப் பாக்கணும்."

"மெதுவாப் போகலன்னா?"

"அதையும் எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

நேர்மையான பதில். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனாலும் மரியாதை தோன்றியது.

பிற்பகல் 1.15-க்கு நாகராஜ ராவ் வெளியே வந்தார். இருநூறுக்கு நூற்று நாற்பத்திரண்டு. முதலில் பத்து யந்திரங்கள். மகளுக்கு இன்னும் இரண்டு வருட வேலை. அவர் கைகுலுக்கினார். அவள் எத்தனை மார்க் என்றுகூடக் கேட்கவில்லை.

வெள்ளி, காலை 7.30

இன்னும் சில நாள் தங்கி டாக்டரைப் பார்க்கச் சொன்னாள் மகள். மனைவி தனியாக இருப்பாள், நானே நேரில் சொல்லவேண்டும் என்று மறுத்தேன். மூன்று மாதத்தில் வருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் பஸ் நிலையத்துக்குக் கூட வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் தப்புன்னு சொன்னப்ப நீங்க ஒத்துக்கிட்டிருக்கலாம்ப்பா."

"அப்ப மட்டும் எனக்கு அது இல்லாமப் போயிடுமா?"

கண்டக்டர் விசிலடித்தார்.

"டாக்டர் எண்ணினதை விட என்னோடது ஆயிரத்தறுநூறு ஜாஸ்தி" என்றாள். "குழாயில அழுக்கு இருந்திருக்கலாம். டாக்டர் சொன்னதையே வெச்சுக்கலாம்ப்பா. அது கொறைச்சல்."

வண்டி நகர்ந்தது. "நான் உன்னோடதையே வெச்சுக்கறேன்" என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. நடைமேடை முடிகிறவரை கூடவே நடந்து வந்தாள்.

பெங்களூரில் மே மாதத்திலும் காற்று குளிர்ந்திருக்கிறது; ஆட்கள் அவசரமில்லாமல் நடக்கிறார்கள்; மாலையில் போர்வை கேட்கிறது. சேலத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆனால் சேலத்தில் என் உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும். எது நல்ல ஊர் என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் முதலில் நூற்று நாற்பத்திரண்டைச் சொன்னேன். அவள் கற்பூரம் ஏற்றி முடித்த பிறகு மற்றதைச் சொன்னேன். எத்தனை என்று கேட்டாள். அறுபத்தெட்டாயிரத்து நானூறு என்றேன்.