இறங்கத் தெரியாத ஓமேர்

லைய் ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரில் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒருவனைக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எட்டிப் பார்க்காதவன்கூட மதியம் பந்தயம் பார்க்க வேலி ஓரத்தில் முதல் ஆளாக நிற்பான். அப்படிப்பட்ட ஊரில், ஐம்பது வயதைத் தாண்டி, கம்பள மில்லில் பாதி ஆயுளைக் கழித்த ஓமேர், சமையலறை நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சைக்கிள் பழக வேண்டியதாயிற்று. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தான். அவன் மச்சான் நோர்பெர்ட்டுக்குத் தெரிந்த பிறகு அந்தக் கவலையும் விட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது.

எல்லாம் போன வசந்தத்தில் வந்த ஒரு காய்ச்சலால். காய்ச்சல் போனது. போகிறபோது சும்மா போகாமல் இடது காதுக்குள்ளிருந்த எதையோ பிடுங்கிக்கொண்டு போனது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது, திரும்பினால் சுவர் கூடவே திரும்பியது. காது இனி தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு புள்ளியைப் பார், அதை விடாதே, கண்ணை நம்பிப் பழகிக்கொள் என்றார். ஓமேரும் பழகினான். மில்லில் அவனைத் தறியிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பழுது பார்க்கிற மேசையில் போட்டார்கள். காரை மட்டும் தொடக்கூடாது.

அதில் அடி வாங்கியவள் அவன் மனைவி கோதெலீவ். ஓமேருக்கு விடியுமுன் ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அலாரக் கடிகாரம் அவள் தலைமாட்டுக்குப் போனது. நல்ல உறக்கத்தில் எழுந்து, அவனைக் காரில் கொண்டுபோய் மில் வாசலில் விட்டு, அப்படியே முதியோர் இல்லத்துக்குப் போய், நாள் முழுக்க எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மறுபடி வந்து அவனை ஏற்றிக்கொள்வாள். அவள் முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுத்தது. சூப்புக்கு உப்பு இரண்டு தரம் போட்டாள், சில நாள் போடவே இல்லை. ஓமேர் இரண்டையும் குடித்தான்.

ஒரு நாள் காலை, பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் கார் நின்றது. பச்சை வந்தும் நகரவில்லை. பின்னால் லாரிக்காரன் ஒலி எழுப்பினான். ஓமேர் திரும்பிப் பார்த்தான். கோதெலீவ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி எழுப்பினான். மில் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டான்.

"நான் இனிமே சைக்கிள்ல போறேன். ஆத்தோரப் பாதையில நேரா போனா மில்லுதான்."

"ஆத்துக்கும் பாதைக்கும் நடுவுல ஒரு முழம் புல்லு. தலை சுத்துச்சுன்னா எந்தப் பக்கம் விழுவ, சொல்லு?"

"சுத்தாது."

"நேத்து மாடிப்படியில என்ன பண்ணுன? சுவரைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னியே, சுவருக்கு முத்தம் குடுத்தியா?"

அந்த வாரக் கடைசியில் நோர்பெர்ட் தன் பழைய உருளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு இரும்புச் சட்டம், அதில் குறுக்கே மூன்று உருளைகள். முன்சக்கரம் ஒன்றின் மேல், பின்சக்கரம் இரண்டின் நடுவில். மிதித்தால் சக்கரம் ஓடும், உருளை சுழலும், சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பிடிமானம் எதுவும் கிடையாது. இளவட்டமாக இருந்த காலத்தில் திருவிழாப் பந்தயங்களில் ஓடியவன் நோர்பெர்ட். ஜெயித்தது ஒரே ஒரு தடவை, பரிசு ஒரு பன்றித்தொடை. அந்தத் தொடையைப் பற்றி இன்றைக்கும் பேசுவான்.

"மச்சான், கதவு நிலைக்கு நடுவுல போடுவோம். ரெண்டு பக்கமும் முழங்கை இடிக்கும், விழமாட்ட. இந்த உருளையோட அகலந்தான் உனக்குப் பாதை. இதுல நேரா ஓட்டிட்டா ஆத்தோரம் என்ன, ஆத்து மேலயே போகலாம்."

"மூணு வயசுலேருந்து ஓட்டுறேன். எனக்கு நீ சொல்லித்தர வேணாம்" என்றான் ஓமேர். பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கால் வைத்து ஏறி, நான்கு மிதி மிதித்தான். பழக்க தோஷம், கை பிரேக்கை அழுத்தியது. சைக்கிள் உருளையை விட்டு நழுவி, முழங்கை நிலையில் மோதி, தோள் தட்டு அலமாரியில் மோதி, கோதெலீவின் அம்மா கொடுத்த பூப்போட்ட தட்டுகள் அவனோடு சேர்ந்து தரைக்கு வந்தன.

"பரவாயில்ல" என்றான் நோர்பெர்ட். "ஆத்துல விழுந்திருந்தா தட்டு தப்பிச்சிருக்கும்."

கோதெலீவ் சிரிக்கவில்லை. உடைந்ததைப் பெருக்கிக்கொண்டே தன் நிபந்தனையைச் சொன்னாள். "ஏறவும் தெரியணும், இறங்கவும் தெரியணும். ரெண்டும் யாரும் புடிக்காம. அது வரைக்கும் நான்தான் கொண்டு விடுவேன். இதுக்கு மேல பேச்சு இல்ல."

குளிர்காலம் முழுக்க அதே வேலை. மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக, சாப்பிடுவதற்கு முன், அந்த நிலைக்கு நடுவில். கோதெலீவ் பின்னால் நின்று இருக்கையைப் பிடிப்பாள், ஓட்டம் பிடித்ததும் விட்டுவிட்டு, அவனுக்கு நேர் எதிரே நாற்காலியில் போய் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுந்தான். கடிகாரத்தைப் பார்த்தால் அதன் முள் நகர்ந்து அவனையும் நகர்த்தியது.

"என் மூஞ்சியப் பாரு" என்றாள் ஒரு நாள். "நகராது. நகர்றதுக்கு அதுல தெம்பு இல்ல."

பார்த்தான். தலைச் சுற்றல் நின்றது. சைக்கிள் நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"கல்யாணம் ஆனதுலேருந்து இவ்வளவு நேரம் சேர்ந்தாப்புல என் மூஞ்சிய நீ பாத்ததே இல்ல" என்றாள். "இருட்டுல எதைப் பாப்ப? என்னைய மில்லு வாசல்ல கட்டித் தொங்கவிடப்போறியா?"

"மில்லுப் புகைபோக்கி மேல சிவப்பு விளக்கு இருக்குல்ல. நம்ம வீட்டு முனையிலேருந்தே தெரியும்."

"அப்ப என்னைய விட அதுதான் அழகு."

ஓட்டம் வந்துவிட்டது, நாளடைவில் யாரும் பிடிக்காமல் ஏறவும் வந்துவிட்டது. வராதது இறக்கம். வேகம் இருக்கும்வரை சைக்கிளே அவனைத் தாங்கியது. மிதிப்பதை விட்டுச் சக்கரம் தளரத் தொடங்கினால் போதும், தலைக்குள் அந்தப் பழைய சுற்றல் கிளம்பிவிடும். "புடி, புடி" என்று கத்துவான். கோதெலீவ் கத்தியையும் கிழங்கையும் போட்டுவிட்டு ஓடிவந்து இருக்கையைப் பிடிப்பாள். தினமும் இதே கதை. ஓமேருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவளைத் தூங்க வைக்கக் கிளம்பியவன், அவள் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தையும் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பனி பெய்த ஒரு சாயங்காலம். முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, கோதெலீவ் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் தானாக ஏறி ஓட்டம் பிடித்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். உருளை வழக்கம்போல ஒரே சீராக முனகியது. ஓமேர் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அந்த முகம் இறங்கியது. தாடை மார்பில் பட்டது. மடியிலிருந்த கிழங்கு உருண்டு மேசைக்கடியில் போனது. சக்கரம் உருளையின் ஓரத்துக்கு ஓடியது, முழங்கை நிலையில் உரசியது. கூப்பிட வாய் திறந்தான். அப்போதுதான் அவள் உச்சி வகிடு கண்ணில் பட்டது. அதன் இரண்டு பக்கமும் நரை. போன வருஷம் அது இல்லை. அவன் அந்த வகிட்டைப் பிடித்துக்கொண்டான், சைக்கிள் நடுவுக்கு வந்தது.

கூப்பிட்டால் வருவாள். அதில் சந்தேகமே இல்லை, பாதித் தூக்கத்தில் எழுந்து ஓடிவருவாள். அதனால்தான் கூப்பிடவில்லை. நிறுத்தினால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். ஓமேர் மிதித்தான். ஜன்னலில் இருந்த வெளிச்சம் போயிற்று. விளக்குப் போட ஆளில்லை, அடுப்பின் நீல வெளிச்சத்தில் வகிடு மங்கலாகத் தெரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. நாள் முழுக்க உழைத்த உடம்பு, தொடை நடுங்கியது. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று மிதித்தான். வாழ்க்கையில் அவளுக்கு அவன் எதையும் பெரிதாக வாங்கிக் கொடுத்ததில்லை. இது ஒன்றைக் கொடுக்க முடிந்தது, அதுவும் காலில் தெம்பு உள்ளவரைதான்.

அந்தத் தெம்பும் தீர்ந்துபோனது. சக்கரம் தளர்ந்தது, தரை சாய ஆரம்பித்தது. சாய்ந்தால் சாயட்டும் என்று அவன் வகிட்டை விடவில்லை. வலது கை தானாகத் துழாவி நிலையைப் பிடித்தது. ஒரு கால் பெடலை விட்டு இறங்கி, பீர்ப் பெட்டி எங்கே என்று தேடி, கண்டுபிடித்தது. உருளை நின்றது. அவன் நின்றுகொண்டிருந்தான்.

கோதெலீவ் திடுக்கிட்டு எழுந்தாள், கத்தி இன்னும் கையில். "விழுந்துட்டியா? எங்க அடி?"

"விழல."

"யாரு புடிச்சா? நோர்பெர்ட் வந்தானா?"

"யாரும் வரல. நானா எறங்குனேன்."

அவள் இருட்டில் அவனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னைய ஏன் கூப்புடல?"

"தூங்கிட்டிருந்த."

திட்டுவாள் என்று நினைத்தான். அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் இல்லை, அசதியில். எழுந்திருக்கிற அசதி, தூக்குகிற அசதி, பயந்துகொண்டே இருந்த அசதி எல்லாம் சேர்ந்து வந்தது. ஓமேருக்கு அவளைத் தொட ஆசையாக இருந்தது, ஆனால் நிலையை விட்டால் விழுந்துவிடுவான் போலிருந்தது. அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறிப் போனாள்.

மிச்சமிருந்த கிழங்கை அவனே உரித்து, வேக வைத்து, நின்றபடியே தின்றான். நாளைக்கு ஆற்றோரம் எப்படி இருக்குமோ என்று பயமாகத்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே போனான். கோதெலீவ் காலணியைக்கூடக் கழற்றாமல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வசந்தத்திலிருந்து அவள் தலைமாட்டில் இருந்த அலாரக் கடிகாரம், சாவி கொடுக்கப்பட்டு, அவன் பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டிருந்தது.