கடிகாரத்துக்குச் சாவி

நான் தைரியசாலி இல்லை. பழைய கடிகாரங்களை வாங்கிப் பழுது பார்க்கும் பைத்தியம் மட்டும் உண்டு. அதில் நான் பயப்படுவது ஸ்பிரிங்குக்குத்தான். முறுக்கோடு இருக்கும்போது தெறித்தால், எதிரே இருப்பது விரலா கண்ணா என்று அது பார்க்காது.

போன வருடம் அவனியாபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில், கறுப்புக் கல் பெட்டி வைத்த பிரெஞ்சு மேஜைக் கடிகாரம் கிடைத்தது. உள்ளே எண்ணெய் பிசினாக இறுகி, ஒரு சக்கரமும் அசையவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு ஸ்பிரிங்குகளின் முறுக்கையும் மெல்ல இறக்கிவிட்டு, கழுவுவதற்குப் பெட்ரோல் வாங்கப் போனேன்.

வழியில்தான் நினைவு வந்தது. அதே அளவில் இன்னொரு சாவி செய்ய, லேத் பட்டறைக்காரர் பழைய சாவியைக் கேட்டிருந்தார். ஷேர் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே மனைவிக்குப் போன் போட்டேன்.

"பட்டறைக்காரர் வருவாரு, கடிகாரத்துச் சாவியக் குடுத்துரு!"

"சரிங்க" என்றாள்.

நான் திரும்பும்வரை அவர் வரவில்லை. வேலையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, பெட்டியிலிருந்து கழற்றிய எந்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிற கை, ஆடாது. ஸ்பிரிங்குகளையும் சக்கரங்களையும் நடுவில் வைத்து, இரண்டு பித்தளைத் தகடுகளையும் சேர்த்து நிறுத்துவது நான்கு ஆணிகள். மூன்றை உருவிவிட்டேன். நான்காவதைக் குறட்டால் பிடித்தபோது, அவள் நன்றாகக் குனிந்து பார்த்தபடி சொன்னாள்.

"ரெண்டு ஓட்டையிலயும் முழுசாக் குடுத்துட்டேங்க. எம்புட்டு இறுக்கம்!"

"என்னத்தக் குடுத்த?"

"சாவிதான். கடிகாரத்துக்குச் சாவி குடுக்கச் சொன்னீங்கள்ல? வர்றவருக்கு ஓட்டிக் காட்டப் போறீங்கன்னு நெனச்சேன்."

ஆட்டோ இரைச்சலில் அவள் காதில் கூடுதலாக விழுந்தது ஒரே ஒரு 'க்கு'. அவள் கண் தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"கைய விடாத. முகத்த மட்டும் திருப்பிக்க."

குறடு பிடித்த கையைப் பின்னுக்கு இழுத்தேன். உருவிய ஆணிகளைத் திரும்பச் செருகுவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டேன். சாவியை மாட்டி, பல் பல்லாக முறுக்கை இறக்கி முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அப்புறம்தான், அந்த ஆணியையும் உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன். போய் உட்கார்ந்து, கொக்கி தைக்கும் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். மூன்று முறை தவறியது.

"கோத்துக் குடுங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கினேன். என்னாலும் முடியவில்லை.