செக்கிங் கண்ணுக்குத் தப்பிய வானம்

காணும் பொங்கலன்று காலை ஐந்தரை மணிக்கு மண்ணரையில் எங்கள் வீட்டு முன்னால் வாடகைக் கார் வந்து நின்றது. கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறையைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஒரு நாள் தங்கல், மறுநாள் காலை மலை நடை, மத்தியானம் இறக்கம். இதுதான் திட்டம். காருக்கு டிரைவர் பேட்டாவோடு இரண்டு நாளைக்கு ஒன்பதாயிரம் ரூபாய். கம்பெனிகள் பொங்கலுக்கு மூடி, தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டதால் திருப்பூர் வெறிச்சோடிக் கிடந்தது. ஊத்துக்குளி ரோட்டில் ஹாரன் அடிக்காமல் ஒரு கிலோமீட்டர் போனோம் என்றால் உள்ளூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் மனைவி கலாமணி வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பழுது பார்த்து ஒதுக்குகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று அவளுடைய சூப்பர்வைசரே சொல்வார். மகள் யாழினி பதினொன்றாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போடுகிறாள்.

இந்தப் பயணமே யாழினியின் பிடிவாதம்தான். அமாவாசையை ஒட்டி மலைக்குப் போனால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் என்று பள்ளியில் டீச்சர் சொல்லியிருக்கிறார். அதோடு அவளுக்கு இன்னொரு கவலை. அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை, பஸ் போர்டைக்கூட பக்கத்தில் வந்த பிறகுதான் படிக்கிறாள் என்று தீபாவளியிலிருந்தே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துத் தள்ளினேன். எங்கள் ஊரில் கண்ணுக்கு வைக்கிற பரீட்சையே துணியில் ஓட்டை பார்ப்பதுதான். ஊசி முனை அளவு ஓட்டையைப் பிடிக்கிறவளுக்கா கண் தெரியாது? கலாமணிக்கோ இந்தப் பேச்சை எடுத்தாலே கோபம் வந்துவிடும். கண்ணாடி போட்டால் மேசையிலிருந்து எடுத்துக் கைமடிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவள் பயம். டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற வேலை அது. புதிதாக வந்த சின்னப் பெண்கள் செய்வது. கம்பெனியில் கண் முகாம் நடந்த அன்று தலைவலி என்று லீவு போட்டவள் அவள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாப்பா?" என்று கிளம்புவதற்கு முந்தின நாளும் யாழினி என்னிடம் முணுமுணுத்தாள்.

தாராபுரம் ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து பழனி முப்பத்தைந்து. ஏழரைக்குப் பழனியில் இட்லி சாப்பிட்டோம். மலைக்கோயில் பக்கமாகத் திரும்பி மூன்று பேரும் கும்பிட்டோம். கொடைக்கானலுக்கு வண்டி போக இப்போது இ-பாஸ் வேண்டும். யாழினி முன்னமே கைபேசியில் எடுத்து வைத்திருந்தாள். சோதனைச் சாவடியில் அதைப் பார்த்துவிட்டு, மலையில் தடை என்று பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பழனி மலைப்பாதை அறுபத்தைந்து கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற, கீழே பழனிச் சமவெளியின் குளங்கள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னத் தொடங்கின. எனக்கு வாய் ஓயவில்லை. டிரைவர் மூர்த்தி ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, எதிர் மலையில் வெள்ளைக் கோடாக விழும் அருவியைக் காட்டினார். "ஆமாங்க, அம்சமா இருக்குதுங்க" என்றாள் கலாமணி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அருவி இல்லாத மலையை. யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாதை சுற்றியதில் அவளுக்குத் தலையும் சுற்றியிருக்கும் என்று நான் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

கொடைக்கானல் ஏரிப் பக்கம் கார்கள் நத்தையாக நகர்ந்தன. நாங்கள் நிற்காமல் மேலே போனோம். இருபது கிலோமீட்டரில் பூம்பாறை. சாலையோரத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தில் ஊர், ஊரைச் சுற்றிப் படிப்படியாகப் பூண்டு வயல்கள், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பச்சை. அந்த இடத்தில் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. திருப்பூரில் பத்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். டீ இருபது ரூபாய். அந்தக் குளிருக்கு ஐம்பது சொன்னாலும் கொடுத்திருப்பேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்குமிடம் சேர்ந்தோம். பூண்டும் கேரட்டும் போடுகிற பாண்டி என்பவர் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். மூன்று வேளைச் சாப்பாட்டோடு மூவாயிரம் ரூபாய். அவர் மனைவி வைத்த பூண்டு ரசத்தை நான் டம்ளரில் வாங்கி மூன்று தடவை குடித்தேன்.

குளிருக்கு என்ன கொண்டுவந்தோம் என்று பாண்டி கேட்டபோதுதான் எங்கள் லட்சணம் வெளியே வந்தது. ஆளுக்கு நான்கு டீ-ஷர்ட். ஊர் உலகத்துக்கே துணி உடுத்திவிடுகிறவர்களாயிற்றே, எத்தனை ஜிஎஸ்எம் கனத்துத் துணி எவ்வளவு குளிர் தாங்கும் என்று எனக்கு விரல் நுனியில் கணக்கு. அதாவது வெட்டுவதற்குக் கணக்கு தெரியும். நல்லவேளை, கலாமணி ரகசியமாக ஒரு பை வைத்திருந்தாள். வெளிநாட்டுப் பனிக்காலத்துக்காகத் தைத்து, நெஞ்சில் பிரிண்ட் கோணியதால் அவள் கையாலேயே ஒதுக்கப்பட்ட மூன்று ஹூடிகள். சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டபோது எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பேன், ஒன்றைக்கூட உடம்பில் போட்டதில்லை.

ஏழு மணிக்குப் பாண்டி வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு எங்களை மொட்டை மாடிக்கு அழைத்தார். கண் பழகட்டும், கைபேசியைத் தொடாதீர்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் வானம் கிட்டே வந்தது. நட்சத்திரம் என்றால் எண்ணுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தவன் நான். இங்கே இடைவெளியைத்தான் தேட வேண்டியிருந்தது. கிழக்கில் மலைக்கு மேலே வியாழன் அசையாமல் எரிந்தது. அதற்கு மேலே செக்கச் சிவந்து திருவாதிரை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஆறு புள்ளிகள் ஒட்டிக்கொண்ட கார்த்திகை. பாண்டி அதை ஆறுமீன் என்றார். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக வானத்தைப் பார்த்தேன் என்றால் மிகையில்லை. உடம்பு சிலிர்த்தது. குளிரால் இல்லை.

கலாமணியும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்குது என்றாள், அருவிக்குச் சொன்ன அதே குரலில்.

"அம்மா, அந்த ஆறுமீன்ல உனக்கு எத்தனை தெரியுது?" என்று கேட்டாள் யாழினி.

கலாமணி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணும் எண்ண முடியல கண்ணு. துணி மேல பஞ்சு ஒட்டுனாப்பல இருக்குது."

பாண்டி முன்னால் அவளை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டோமே என்று எனக்கு ஒரு பக்கம் சங்கடம். ஊசி முனை ஓட்டையைப் பிடிக்கிற இந்தக் கண்ணுக்கு ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டதோ என்று இன்னொரு பக்கம் பயம். யாழினி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். கலாமணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். இதைப் போட்டுப் பழகிட்டா அப்பறம் மேசையில நிக்க முடியாது."

"இங்க மேசை ஏதும்மா?" என்றாள் யாழினி. அவளே போய் அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள்.

கலாமணி தலையை உயர்த்தினாள். அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், வரிசை விடாமல், மேசையில் பீஸ் பார்ப்பதுபோலவே வானத்தைப் பார்த்தாள். பாண்டி பேச வாய் திறந்தார், நான் கையமர்த்தினேன். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒரு துணியில இத்தனை ஓட்டை இருந்தா மொத்த லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பேனுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு நடை. பாண்டியே வழிகாட்டி. வயல் வரப்பில் தொடங்கி, சோலைக்காட்டு ஓரமாக ஏறி, புல்மேட்டில் முடிகிற நான்கு கிலோமீட்டர் பாதை. பள்ளத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. யாழினி பையில் இருந்த பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதியதை அம்மாவுக்கே கொடுத்துவிட்டாள். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. கலாமணி மூச்சு வாங்கவும் நேரமில்லாமல் பேசிக்கொண்டே வந்தாள். மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது, அக்கட்டால, எதிரே இருக்கிற மலையில் ஓர் ஒற்றை வீடு, அதற்கு நீலக் கதவு என்றாள். புல்மேட்டில் போய் நின்றதும் எதிர்ச் சரிவில் காட்டுமாடுகள் மேய்வதைப் பாண்டிக்கும் முன்னால் பார்த்தவள் அவள்தான். ஐந்து என்றாள். பாண்டி உற்றுப் பார்த்துவிட்டு, பாறைக்குப் பின்னால் ஒரு கன்றையும் சேர்த்து ஐந்துதான் என்று ஒப்புக்கொண்டார். மலைக்கு மேல் மலையாக, கேரளப் பக்கம் நீலம் வெளுத்துக்கொண்டே போனது. இறங்க யாருக்கும் மனமில்லை.

ஆனால் இறங்கும் வழியெல்லாம் அவள் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அந்தப் பயம் மலையோடு போகவில்லை. பழனியில் தை அமாவாசைக் கூட்டம் தாண்டி, சாயங்காலம் நான்கு மணிக்குத் தாராபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடை முன்னால் யாழினி வண்டியை நிறுத்தச் சொன்னாள். கலாமணி கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

பரிசோதித்த பெண் நிதானமாகச் சொன்னார். வியாதி ஒன்றுமில்லை, கிட்டப்பார்வை. பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தூரம் மட்டும் மங்கும். கலாமணி நாற்காலி நுனிக்கு வந்து, அப்படியானால் பீஸ் பார்க்கும்போது கண்ணாடி வேண்டாமா என்று கேட்டாள். மேசைக்குப் போனதும் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். இன்னொரு தடவை அதையே கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்ட பிறகுதான் பிரேம் பார்க்க எழுந்தாள். ஆயிரத்து நானூறு ரூபாய், ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள்.

இருட்டின பிறகு திருப்பூர் வந்தோம். எங்கள் ஊர் வானத்தில் தெரு விளக்கு வெளிச்சமும் புகையும் போக மிஞ்சிய நாலைந்து நட்சத்திரங்கள்தான். பாண்டி வீட்டு மாடியில் ஒரு விரலால் மறைத்த இடத்தில் இதைவிட அதிகம் இருந்தது. ஊரைக் குறை சொல்லவில்லை, சோறு போடுகிற ஊர். வருசத்துக்கு ஒரு தடவையாவது மலைக்குப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று மட்டும் முடிவு செய்தோம்.

கம்பெனி திறந்த அன்று இரவு எட்டரைக்கு, வழக்கம்போல் அவளை அழைத்துவரப் போனேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் கேட்டில் தலை காட்டியதும் கையைத் தூக்கிக் காட்டுவேன். ஏழெட்டு வருசமாக அவள் பதிலுக்குக் கை தூக்கியதில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பேசுவார்கள் என்கிற கூச்சம் போல என்று நானும் விட்டிருந்தேன். அன்று கேட்டைத் தாண்டிக் கூட்டத்தோடு வெளியே வந்தவள், நின்று, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் கை தூக்குவதற்கு முன்னால் அவள் தூக்கினாள்.