தண்ணீருக்குள் போகும் தெரு

1996 அக்டோபர். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் எதிர் அப்பார்ட்மென்ட் சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், மனைவியின் அஸ்தியை மாதக்கணக்காக அலமாரியில் வைத்திருந்தார். துறைமுகப் பக்கம் கப்பல் எண்ணெயாம். லாசாலில் ஆற்றின் இழுப்பு அதிகமாம். "அவளுக்கு நீந்தத் தெரியாது தங்கச்சி" என்பார். ஊர்சுற்றி என்று பெயர் வாங்கியவள் நான். அமைதியான தண்ணீர் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

மொன்றியலிலிருந்து மேற்கே நூற்றிருபது கிலோமீட்டர், காரில் ஒன்றேகால் மணி நேரம், பெட்ரோல் இருபது டாலருக்குள். அங்கே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆங்கிலேயக் கிராமம் இருந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள் வந்து அமைத்த ஊர். மாவு ஆலை, தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. ஐம்பதுகளில் அணை கட்டியபோது ஊரே மூழ்கியது. பல வீடுகளை அப்படியே பெயர்த்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். கல்லறைகளில் பாதி அங்கேயே தங்கிவிட்டன. மேடாக இருந்த இடம் இன்று தீவு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்று நானும் அண்ணையும் போய்ப் பார்த்தது ஆற்றுக்குள் சரிவாக இறங்கும் ஒரு தார்ச்சாலை. நல்ல படித்துறை கிடைத்ததென்று சந்தோஷப்பட்டோம். காற்றே இல்லை. சாலையின் நடுக்கோடு தண்ணீருக்கடியிலும் வெள்ளையாகத் தெரிந்தது. இருபுறமும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன.

அண்ணை ரப்பர் பூட்ஸோடு கலசத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எவ்வளவு நடந்தும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. இடதுபுறம் ஒதுங்கியவர் சட்டென்று நின்றார். கலசத்தைத் திறக்காமலே திரும்பி வந்தார்.

"இஞ்சை ஆக்கள் இருந்த வீடு. வாசல்படி காலிலை தட்டுப்படுது. கேளாமல் எப்பிடிப் போறது?"

நாயோடு நடக்க வந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டி கலசத்தைப் பார்த்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் படி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கள் வீடு. கட்டடத்தைத் தூக்கிப் போனார்கள், படியை விட்டுவிட்டார்கள். அம்மாவும் கல்லறையோடு கீழேதான் இருக்கிறாள். உள்ளே போகச் சொல்லுங்கள். அம்மா யாரையும் வாசலில் நிற்க வைத்ததில்லை."

நான் தமிழில் சொன்னதும் அண்ணை, "ஓம், அப்ப சரி" என்றார். அதே இடத்துக்குப் போனார். அந்தக் குளிரில், தண்ணீருக்குள் நின்றபடியே, பூட்ஸ் இரண்டையும் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். பிறகுதான் படியேறினார்.

போகிறவர்கள் செப்டம்பருக்குள் போய்விடுங்கள். மாற்று சாக்ஸும் ஃபிளாஸ்கில் தேநீரும் அவசியம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடம் ஒருவரின் அடுக்களையாக இருக்கலாம்.