செர்ரி ஒயினும் வளையக் கேக்கும்

செத்திமியோ என் கணவருக்குச் சித்தப்பா மகன். ஏழு பிள்ளைகளில் கடைசி. மூத்தவர்களில் நான்கு பேர் பெல்ஜியத்துச் சுரங்கத்துக்கும், ஒருவன் ரோமுக்குக் கொத்து வேலைக்கும் போனார்கள். அக்காவைக் கடலோரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பெர்கோலா ஊருக்கு மேலே மலைவீடும், கிணற்றடிப் புளிச்செர்ரி மரமும், படுக்கையில் கிடந்த அம்மாவும் இவன் பங்கு. அம்மாவும் போனபின் அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான்.

கோடையில் செர்ரியைச் சர்க்கரை போட்டு ஜாடியில் வெயில் காட்டுவான். அறுவடை முடிந்ததும் அதைப் புதுச் சிவப்பு ஒயினில் கொட்டி இன்னொரு முறை பொங்கவிடுவான். அவன் கைப்பக்குவம் எங்களுக்கு வராது.

எங்கள் மேட்டில் அந்த ஒயினுக்கு ஒரு முறை உண்டு. மாட்டு வைத்தியருக்கும் வியாபாரிக்கும் ஆட்டுப்பால் சீஸோடு ஊற்றுவோம். குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். வளையக் கேக்கை நறுக்கி, தோய்த்துத் தின்னக் கொடுத்தால் நீ எங்கள் வீட்டு ஆள் என்று பொருள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள். தட்டைத்தான் பார்ப்பார்கள்.

தையல்காரி அர்மீதா, புருஷனை இழந்தவள், தன் அத்தை எல்வீராவோடு ஞாயிற்றுக்கிழமை இவன் வீட்டுக்கு வருவதாக இருந்தது. முந்தின நாள் இவன் என்னிடம் வந்தான்.

"அண்ணி, அந்தக் கேக் அச்சக் குடுங்களேன்."

"நானே சுட்டுத் தரேன்டா."

"வேணாம். அவ திங்கறது நான் சுட்டதா இருக்கணும்."

"அப்ப அடுப்பத் தொறந்து தொறந்து பாக்காத. அமுங்கிப் போயிரும்."

"தொறந்து பாக்க நான் என்ன உங்க புருஷனா?"

சிரித்துக்கொண்டே போனான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஞாயிறன்று திராட்சைத் தோட்டத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பெண்களும் ஏறிப் போனார்கள். போன சூட்டோடு இறங்கி வந்தார்கள்.

மறுநாள் அச்சு வாங்கப் போனேன். மேசையில் மூன்று கிளாசும் சீஸ் தோலும் கிடந்தன. அலமாரியைத் திறந்தால் கேக் முழுசாக இருந்தது, துணி போட்டு மூடி.

"என்னடா இது?"

"ஒரு பக்கம் அமுங்கிருச்சு அண்ணி. தையக்காரி கண்ணு, கோணல் தெரியாம போவுமா? வெக்கமா இருந்துச்சு."

"அதுக்குச் சீஸ வெச்சியா?"

"நல்ல சீஸ்தான்."

"நல்ல சீஸாம். போயிட்டு வாம்மான்னு சொல்லி அனுப்பியிருக்க."

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சீஸ்ல ஒரு துண்ட எடுத்தா. திங்காம கையிலயே வெச்சிருந்தா. அத்தைதான் எந்திரின்னுச்சு."

கேக்கைத் துணியில் கட்டி, சட்டையை மாற்றச் சொல்லி அர்மீதா வீட்டுக்குத் துரத்தினேன். போனான். கதவைத் திறந்தது எல்வீரா.

"நேத்து மேசைக்கு வராதது இன்னிக்கி எதுக்குத் தம்பி?"

பின்னால் அர்மீதா துணி வெட்டிக்கொண்டிருந்தாளாம். நிமிரவில்லையாம். கேக் கோழிகளுக்குப் போனது. அந்தக் குளிர்காலத்திலேயே அவள் அன்கோனாவில் இருந்த தங்கையிடம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் முதல் பாட்டிலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் கேக் சுட்டு வைப்பேன். தோய்த்துத் தின்பான், அண்ணன்மாரைப் பற்றிப் பேசுவான், இருட்டும் முன் தொப்பியை எடுத்துக்கொள்வான்.

ஒருமுறை மீதிக் கேக்கைக் கட்டிக் கொடுத்தேன்.

"வேணாம் அண்ணி. காய்ஞ்சு போவும்."

"காயட்டுமே. ஒயின்ல தோச்சுத் தின்னு."

"ஒருத்தனுக்காகவா ஒரு பாட்டிலத் தொறக்கறது?" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போனான்.