கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்வரை

ஸ்க்ரூ டிரைவரின் நுனி காந்தம். திருகாணிகள் கீழே விழாமல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றை ஒரு மருந்து டப்பாவின் மூடியில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டை மெக்கானிக் கழற்றினார். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. பெயிண்ட் பிரஷால் அதைத் தட்டி எடுத்தார். பழைய மெமரியை உருவிவிட்டுப் புதியதை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினார். இந்த வேலையில் அவர் கை தவறியதே கிடையாது.

ஊரார் கம்ப்யூட்டரை எல்லாம் புதுப்பித்துக் கொடுத்தவர், வீட்டில் இருந்ததை மட்டும் தொடாமல் வைத்திருந்தார். அது அவர் மனைவியின் ஆபீஸ்.

அவள் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதியவள். அங்கே மிஷின் ரிப்பேருக்குப் போன இடத்தில்தான் இவர் அவளைப் பார்த்தார். இப்போது அவளுக்கு மறதி நோய். மகளின் முகம், வீடு, புருஷன் என்று ஒவ்வொன்றாகக் கழன்று போய், ஆபீஸ் மட்டும் மிஞ்சி நின்றது. காலையில் குளிப்பாட்டி உடுத்திவிட்டால், கைப்பையை மாட்டிக்கொண்டு படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வேலைக்கு வருவாள். பொத்தானை அழுத்துவாள். திரை வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நிற்கும் புருஷன் அவளுக்கு மிஷின் பார்க்க வந்த ஆள்.

"என்ன தம்பி, உங்க மிஷின் எழுந்திருக்கறதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும் போலிருக்கே!"

மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். "இதோ வந்துடும் மேடம்" என்பார் அவர். சொல்லிக்கொண்டே பாலில் ஊறிய ரொட்டியைச் சின்ன ஸ்பூனில் ஊட்டுவார். திரையைப் பார்த்தபடியே அவள் வாயைத் திறப்பாள். விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்து, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாளா என்று தொட்டுப் பார்த்து அடுத்த ஸ்பூன். கிண்ணம் காலியாகவும் திரை வரவும் சரியாக இருக்கும். அதற்கப்புறம் மதியம்வரை கண்டபடி எண்களைத் தட்டிக்கொண்டிருப்பாள். மற்ற வேளைகளில் வாயை இறுக்கிக்கொள்வாள். உடம்பில் உயிர் ஒட்டியிருந்ததே அந்தக் காலைச் சாப்பாட்டில்தான்.

இப்படி இருக்கையில் ஹார்ட் டிஸ்க் 'கட் கட்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. எத்தனையோ டிஸ்க்குகளின் கடைசிச் சத்தத்தைக் கேட்ட காது அது. டிஸ்க் போனால் அவளுக்குப் போக ஆபீஸ் இருக்காது. அதனால்தான் இன்று உட்கார்ந்துவிட்டார். பழையதில் இருந்ததை அப்படியே புதுசுக்கு மாற்றினார். திரையில் படம்கூட இடம் மாறவில்லை. மெமரியும் ஏறிவிட்டதால் மிஷின் பறந்தது. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவள் பொத்தானை அழுத்தினாள். அவர் முதல் ஸ்பூனை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. அவள் வேலையில் இறங்கிவிட்டாள். ஸ்பூனை நீட்டினால் கையைத் தட்டிவிட்டாள்.

"வேலை நேரத்துல என்ன தம்பி இது? முதலாளி பாத்தா என்ன நினைப்பாரு?"

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. நோய் முற்றிவிட்டது என்று அவர் நினைத்தார். மிஷினைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவ்வளவு நன்றாக ஓடுகிறதே.

எடை பார்க்க வந்த நர்ஸ் தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சார், ஃபேன் போட்டா அம்மா பறந்துடுவாங்க போலிருக்கே?"

"வாயைத் திறக்க மாட்டேங்கறா சிஸ்டர்."

"இப்படியே போனா மூக்குல டியூப் போடணும். இவங்க அதைப் பிடுங்குவாங்க. அப்புறம் கையைக் கட்டணும். முன்னாடி எப்படி ஊட்டுனீங்க?"

"கம்ப்யூட்டர் ஆன் ஆகறவரைக்கும்..." அவர் கண் கூடத்து மிஷின் பக்கம் போனது.

"இப்ப ஆன் ஆக எவ்வளவு நேரமாகுது?"

"தும்மறதுக்குள்ள வந்துடும்."

"நல்லா பாத்தீங்க போங்க வேலை" என்றாள் நர்ஸ். உடனே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிப் பையில் வைப்பதில் மும்முரமானாள்.

நர்ஸ் போனதும் பெட்டியைத் திறந்து பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினார். இரண்டு முறை 'கட்' என்றது. அப்புறம் அதுவும் இல்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். யாராவது வாடிக்கையாளர் அப்படி ஆட்டினால் திட்டுகிறவர்தான். புதிய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, மெமரியைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் திரை சட்டென்று வந்து நின்றது. எதையும் வேகமாக்க அவருக்கு வழி தெரியும். மெதுவாக்கச் சொல்லி யாரும் இதுவரை வந்ததில்லை.

மறுநாள் காலை அவளைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே, கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தார். அவள் கைப்பையோடு வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. கணக்கில் ஒரு நயா பைசா உதைத்தாலும் கண்டுபிடித்து ஆபீஸையே உலுக்கியவள் அவள். 'கரண்டே இல்லையே, என்ன மிஷின் பாக்கறீங்க?' என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தார். கேட்டுவிட மாட்டாளா என்றும் இருந்தது.

அவள் கறுத்த திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"இன்னைக்கு லேட்டாகுது தம்பி."

"வந்துடும் மேடம்."

வாயைத் திறந்தாள். அவர் ஊட்டினார், தொண்டையைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார். கிண்ணம் காலியாகும்வரை அவள் எதையும் கேட்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டு, மேசைக்கு அடியில் மண்டியிட்டு ஒயரைச் சொருகி, எட்டிப் பொத்தானையும் அவரே அழுத்தினார். சொருகிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. மேலே அவள் எண்களைத் தட்ட ஆரம்பித்திருந்தாள்.